லினக்ஸ் டெஸ்க்டாப்: தானாகப் பூட்டும் வேலையை யாரிடம் கொடுப்பது?

லினக்ஸ் டெஸ்க்டாப்பைத் தானாகப் பூட்டவும் தூங்க வைக்கவும் வழிகளுக்குப் பஞ்சமே இல்லை. க்னோம் டெஸ்க்டாப்பின் அமைப்புகளில் அதற்கென்று ஒரு பக்கம் இருக்கிறது. கணினியின் சேவைகளை நடத்தும் சிஸ்டம்டியின் கோப்பு ஒன்றில் இரண்டு வரி மாற்றினாலும் நடக்கும். ஸ்வே, ஐ3 போன்ற எளிய விண்டோ மேலாளர்களை வைத்திருப்பவர்கள் தனியாக ஒரு சின்ன நிரலை ஓட்டிக்கொள்கிறார்கள். தொண்ணூறுகளிலேயே லினக்ஸுக்கு வந்தவர்கள் இன்னமும் பழைய திரைப்பூட்டு நிரலான எக்ஸ்ஸ்கிரீன்சேவரைத்தான் கைகாட்டுவார்கள். தேடினால் எல்லாமே ஒரே பக்கத்தில் வந்து விழும். ஒன்று சரிப்படவில்லை என்று அடுத்ததையும் போட்டு, கடைசியில் எது எப்போது பூட்டுகிறது என்றே தெரியாமல் நிற்பவர்கள் நிறையப் பேர்.

என் கட்சி எது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கணினி சும்மா இருக்கும் நேரத்தை எண்ணும் வேலை ஒருவரிடம் மட்டும் இருக்க வேண்டும். அவர் உங்கள் திரையில் நடப்பதை நேரடியாகப் பார்ப்பவராகவும் இருக்க வேண்டும். க்னோமோ கேடிஇ-யின் பிளாஸ்மாவோ வைத்திருந்தால் அவற்றின் சொந்த அமைப்பே போதும். ஸ்வே என்றால் ஸ்வேஐடில், ஹைப்பர்லேண்ட் என்றால் ஹைப்பர்ஐடில், ஐ3 என்றால் எக்ஸ்எஸ்எஸ்-லாக். சிஸ்டம்டியில் லாகின்களைக் கவனிக்கும் லாகின்டியிடம் இந்த வேலையைக் கொடுப்பது மற்ற யாரும் இல்லாத இடத்தில் மட்டும்.

இந்த முடிவுக்குப் போவதற்கு முன்னால் பிரித்துப் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு.

பூட்டு வேறு, தூக்கம் வேறு

பூட்டுவது ஆட்களுக்காக. நாம் இல்லாதபோது வேறு யாரும் நம் மெயிலையோ வங்கிக் கணக்கையோ பார்த்துவிடக் கூடாது. தூங்க வைப்பது மின்சாரத்துக்காக, லேப்டாப் என்றால் பேட்டரிக்காக. இரண்டையும் ஒரே நேர அளவில் கட்டிவிட்டால் ஏதோ ஒன்று கெடும். ஐந்து நிமிடத்தில் தூங்கிவிடும் கணினியில் டவுன்லோடு பாதியில் நிற்கும். ஒரு மணி நேரம் கழித்துப் பூட்டும் கணினி பூட்டாததற்குச் சமம்.

அலுவலக மேசையில் இருக்கும் கணினிக்குப் பூட்டு அவசியம், தூக்கம் பல சமயம் இடைஞ்சல். இரவில் வீட்டிலிருந்து எஸ்எஸ்எச் வழியாக உள்ளே வர வேண்டியிருக்கும், பேக்கப் ஓட வேண்டியிருக்கும். ஒருவர் மட்டும் இருக்கும் வீட்டில் கதை தலைகீழ்: பூட்டு கொஞ்சம் தாமதமானாலும் பரவாயில்லை, ஆனால் ராத்திரி முழுக்க ஓடிக்கொண்டிருந்தால் கரண்ட் பில் ஏறும். பையில் போட்டு எடுத்துப் போகும் லேப்டாப்புக்கு இரண்டும் கட்டாயம், அதுவும் சேர்ந்தே.

எத்தனை நிமிடம் என்பதற்கு ஓர் அளவுகோல் வேண்டுமானால், கார்டு பணப்பரிமாற்றத் துறையின் பிசிஐ டிஎஸ்எஸ் விதிகள் 15 நிமிடத்துக்கு மேல் சும்மா இருந்த செஷனுக்கு மறுபடி அடையாளம் கேட்கச் சொல்கின்றன. அது உச்சவரம்பு. நாலு பேர் நடமாடும் அறையில் 5 நிமிடம்தான் எனக்குச் சரியாகப் படுகிறது. அதற்கும் கீழே போனால் ஒரு பக்கம் படித்து முடிப்பதற்குள் பூட்டிவிடும். அப்புறம் எரிச்சலில் மொத்தத்தையும் அணைத்துவிடுவோம், அது இன்னும் மோசம்.

டெஸ்க்டாப்பின் சொந்த அமைப்பு

க்னோமில் இரண்டு இடங்களில் தொட வேண்டும். பிரைவசி பக்கத்தில் ஸ்க்ரீன் லாக் என்பதில் திரை எப்போது கறுக்க வேண்டும், கறுத்த பிறகு எவ்வளவு நேரம் கழித்துப் பூட்ட வேண்டும் என்பது இருக்கும். பவர் பக்கத்தில் பேட்டரியில் இருக்கும்போதும் பிளக்கில் இருக்கும்போதும் தனித்தனியாக எப்போது சஸ்பெண்ட் ஆக வேண்டும் என்பது இருக்கும். கறுப்பதும் பூட்டுவதும் இரண்டு தனி எண்ணிக்கைகள் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 5 நிமிடத்தில் கறுத்து, அதிலிருந்து 30 நிமிடம் கழித்துப் பூட்டும்படி இருந்தால், அந்த 30 நிமிடமும் யாராவது மவுஸை அசைத்தால் உங்கள் மேசை அப்படியே திறந்து கிடக்கும். திரை கறுப்பாக இருப்பதைப் பார்த்துப் பூட்டியாகிவிட்டது என்று நம்பிக்கொண்டிருப்போம்.

பிளாஸ்மாவிலும் இதே பிரிவு உண்டு, பெயர்கள்தான் வேறு. பூட்டுவதற்கு ஸ்க்ரீன் லாக்கிங், தூங்க வைப்பதற்குப் பவர் மேனேஜ்மென்ட். பிளாஸ்மாவில் எனக்குப் பிடித்தது பூட்டிய முதல் சில விநாடிகளுக்குப் பாஸ்வேர்டு கேட்காமல் விடும் சலுகை. ஏதோ யோசித்துக்கொண்டு எதிரிலேயே உட்கார்ந்திருப்பவர் சட்டென்று மவுஸைத் தொட்டால் திறந்துவிடும். அந்தச் சலுகையை 5 விநாடியில் வைத்தால் போதும். நிமிடக்கணக்கில் ஏற்றினால் பூட்டுக்கே அர்த்தமில்லை.

இந்த வழியின் பெரிய பலம், டெஸ்க்டாப்புக்கு விஷயம் தெரியும் என்பதுதான். நீங்கள் முழுத்திரையில் வீடியோ பார்க்கிறீர்கள் என்று பிரவுசரோ எம்பிவி பிளேயரோ சொன்னால் அது கேட்டுக்கொள்ளும், எண்ணுவதை நிறுத்தி வைக்கும். விசைப்பலகையும் மவுஸும் சும்மா இருப்பதால் ஆள் இல்லை என்று முடிவு கட்டாது. ஆனால் எந்த நிரலாவது சொன்னால்தான் அதற்குத் தெரியும். டெர்மினலில் ஓடும் நீண்ட ஆர்சிங்க் கோப்பு நகலெடுப்போ கர்னல் கம்பைலோ தானாக எதுவும் சொல்லாது. சிபியூ கொதித்துக்கொண்டிருந்தாலும் டெஸ்க்டாப்பின் கண்ணுக்கு நீங்கள் சும்மாதான் இருக்கிறீர்கள். எஸ்எஸ்எச் வழியாக யாரோ உள்ளே இருப்பதையும் க்னோம் கணக்கில் எடுப்பதில்லை. பழைய கேம்கள் சிலவற்றில் கேம்பேடால் மட்டும் ஆடினால், ஆட்டத்தின் நடுவே திரை கறுக்கும்.

நீண்ட வேலைக்கு க்னோமில் க்னோம்-செஷன்-இன்ஹிபிட் என்ற கமாண்டும் பிளாஸ்மாவில் கேடிஇ-இன்ஹிபிட் (பவர் விருப்பத்தோடு) என்பதும் இருக்கின்றன. ஓட்ட வேண்டிய கமாண்டை அவற்றின் பின்னால் எழுதினால், அந்த வேலை முடியும் வரை தூக்கம் தள்ளிப்போகும், முடிந்ததும் பழைய நேரக்கணக்கு தொடரும். பேக்கப் ஓடும் ஸ்கிரிப்டில் இதை ஒரு முறை எழுதி வைத்துவிட்டால் அப்புறம் நினைவு வைத்துக்கொள்ளவே வேண்டியதில்லை. டாப் பாரில் தூக்கத்தைத் தடுக்கும் கேஃபீன் பட்டனை அழுத்திவிட்டு, நாலு நாள் கழித்தும் அதை அணைக்க மறப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

க்னோமில் ஒரு பழைய கோபமும் உண்டு. 2018-இல் வந்த 3.28 பதிப்பில், பிளக்கில் இருந்தாலும் 20 நிமிடம் சும்மா இருந்தால் சஸ்பெண்ட் என்பதை இயல்பாகவே வைத்துவிட்டார்கள். அமைப்புகளில் அதை அணைத்தவர்களுக்கும் கணினி தூங்கிக்கொண்டே இருந்தது. காரணம், யாரும் லாகின் செய்யாதபோது நிற்கும் ஜிடிஎம் என்ற லாகின் திரை தனிப் பயனராக ஓடுகிறது. அதற்குத் தனி அமைப்பு. நீங்கள் உங்கள் கணக்கில் மாற்றியது அதைத் தொடாது. ரீஸ்டார்ட் செய்துவிட்டு லாகின் பண்ணாமல் விட்ட கணினி, 20 நிமிடத்தில் நெட்வொர்க்கிலிருந்து காணாமல் போகும். தூரத்திலிருந்து எட்டிப் பார்க்க வேண்டிய கணினி என்றால், ஜிடிஎம் பயனருக்கும் க்னோமின் அமைப்புக் கிடங்கான டிகான்ஃப் வழியாகத் தனியே அணைத்தே ஆக வேண்டும்.

எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப் பற்றிச் சுருக்கமாக: பவர் மேனேஜரும் ஸ்க்ரீன்சேவரும் இரண்டு தனி நிரல்கள், இரண்டிலும் நேரம் வைக்கலாம். பழைய நிறுவல்களில் லைட்-லாக்கர் என்ற பூட்டு நிரல் மூன்றாவதாக ஒட்டிக்கொண்டிருக்கும். தூங்கி எழுந்ததும் வெறும் கறுப்புத்திரை என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அதைத்தான். அதை நீக்கிவிட்டு எக்ஸ்எஃப்சிஇயின் சொந்த ஸ்க்ரீன்சேவரை மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

லாகின்டியின் இரண்டு வரிகள்

சிஸ்டம்டி உள்ள எல்லா விநியோகங்களிலும் லாகின்டி ஓடுகிறது. அதன் அமைப்புக் கோப்பில் ஐடில்ஆக்‌ஷன், ஐடில்ஆக்‌ஷன்செக் என்று இரண்டு வரிகள். முதலாவது என்ன செய்ய வேண்டும், இரண்டாவது எவ்வளவு நேரம் கழித்து. இயல்பாக முதல் வரியில் ‘ஒன்றும் செய்யாதே’ என்றும் இரண்டாவதில் 30 நிமிடம் என்றும் இருக்கும். சஸ்பெண்ட், ஹைபர்னேட், லாக் என்று எதை வேண்டுமானாலும் எழுதலாம். எந்த டெஸ்க்டாப் என்பது பொருட்டே இல்லை, ஒரே கோப்பு. ஆய்வகத்தில் முப்பது கணினிகளை ஒரே மாதிரி அமைக்க வேண்டியவருக்கு இது இனிக்கும்.

ஆனால் லாகின்டிக்கு விசைப்பலகையும் தெரியாது, மவுஸும் தெரியாது. ஒரு டெஸ்க்டாப் செஷன் சும்மா இருக்கிறதா என்பதை அந்த டெஸ்க்டாப்தான் அதனிடம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் ஐடில்ஆக்‌ஷன் ஒருபோதும் நடக்காது, அல்லது நீங்கள் நினைத்த நேரத்தில் நடக்காது. சொல்லும் டெஸ்க்டாப்பிலும் கணக்கு வேறு: க்னோம் 5 நிமிடம் கழித்துத்தான் ‘சும்மா’ என்று சொல்கிறது, அதற்குப் பிறகுதான் லாகின்டியின் 30 நிமிடம் தொடங்கும். ஆக மொத்தம் 35. அதோடு எல்லாச் செஷன்களும் சும்மா என்று சொல்ல வேண்டும். இன்னொரு டிடிஒய்யில், அதாவது எழுத்து மட்டும் உள்ள கன்சோலில், யாரோ தட்டிக்கொண்டிருந்தால் நிற்கும்.

ஐடில்ஆக்‌ஷனில் லாக் என்று எழுதினால் இன்னொரு சங்கடம். லாகின்டி தானாக எதையும் பூட்டாது. ‘பூட்டுங்கள்’ என்று செஷன்களுக்கு ஒரு சைகை மட்டும் அனுப்பும். க்னோமும் பிளாஸ்மாவும் அதைக் கேட்டுப் பூட்டும். வெறும் ஐ3லாக் என்ற பூட்டு நிரலை மட்டும் நிறுவி வைத்திருக்கிறீர்கள் என்றால் அந்தச் சைகையைக் கேட்க ஆளே இல்லை; எந்தப் பிழைச் செய்தியும் வராது, பூட்டவும் பூட்டாது.

லாகின்டியிடம் நான் விடும் வேலை மூடியை மூடும்போது நடப்பது. அதற்கு அது சரியான ஆள். இயல்பாகவே மூடினால் சஸ்பெண்ட். டாக்கில் செருகியிருந்தாலோ ஒன்றுக்கு மேற்பட்ட திரை இணைந்திருந்தாலோ கண்டுகொள்ளாது. வெளித்திரை மாட்டிய லேப்டாப்பை மூடிப் பையில் போட்டு, கேபிளை மட்டும் உருவியவர்கள் சூடான பையைத் திறந்த கதைகளுக்குப் பின்னால் பெரும்பாலும் இந்த விதிவிலக்குதான் இருக்கும். க்னோமும் பிளாஸ்மாவும் ஓடும்போது மூடி விஷயத்தை அவையே தங்கள் கையில் எடுத்துக்கொள்ளவும் கூடும் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

டெஸ்க்டாப்பே இல்லாமல் கன்சோலில் மட்டும் ஓடும் கணினிகளுக்கு ஐடில்ஆக்‌ஷன் பொருந்தும். டிடிஒய்யில் கடைசியாக எப்போது தட்டினார்கள் என்பதை லாகின்டியே பார்த்துக்கொள்கிறது.

நாமே கட்டிக்கொள்வது

ஸ்வே, ஹைப்பர்லேண்ட், ஐ3 வகையறாக்களில் பூட்டும் நிரல் எதுவும் கூடவே வராது. அவற்றை விரும்புகிறவர்களுக்கு அது குறையாகவும் தெரியாது. ஸ்வேயில் இரண்டு நிரல்கள் வேண்டும்: நேரத்தை எண்ணும் ஸ்வேஐடில், திரையைப் பூட்டும் ஸ்வேலாக். ஸ்வேயின் அமைப்புக் கோப்பில் ஒரே கட்டளையாக எழுதலாம்: 300 விநாடியில் ஸ்வேலாக், 600-இல் திரையை அணை, அசைந்தால் மறுபடி போடு, தூங்குவதற்கு முன் ஸ்வேலாக். படிப்பதற்கே தெளிவாக இருக்கும். மூன்று அமைப்புப் பக்கங்களில் சிதறிக் கிடப்பதைவிட இந்த நாலு வரி எனக்கு நிம்மதி.

இதில் கடைசி வரிதான் உயிர்நாடி. பலர் நேர வரிகளை மட்டும் எழுதிவிட்டு இதை விட்டுவிடுகிறார்கள். அப்போது மூடியை மூடினால் கணினி பூட்டாமலேயே தூங்கும், திறந்தால் நேராக உங்கள் மேசை. வரியை எழுதியும் கூட இன்னொன்று நடக்கும். மூடியைத் திறக்கிறீர்கள், ஒரு கணம் நீங்கள் கடைசியாகப் படித்துக்கொண்டிருந்த மெயில் அப்படியே தெரிகிறது, அப்புறம்தான் பூட்டுத்திரை வந்து மூடுகிறது. பக்கத்தில் இருப்பவர் ஒரு வரி படிக்க அந்தக் கணம் போதும்.

ஏன் அப்படி? தூங்கப் போகிறேன் என்று லாகின்டி அறிவித்ததும் ஸ்வேஐடில் ‘கொஞ்சம் பொறு’ என்று பிடித்து வைத்துக்கொள்கிறது. இதற்கு லாகின்டி தரும் அவகாசம் இயல்பாக 5 விநாடி. ஸ்வேஐடிலை டபிள்யூ என்ற விருப்பத்தோடு ஓட்டவில்லை என்றால், அது ஸ்வேலாக்கைக் கிளப்பிவிட்ட உடனேயே கையை விட்டுவிடும். ஸ்வேலாக் திரையை வரைந்து முடிப்பதற்குள் கணினி தூங்கிவிடும், மீதியை எழுந்த பிறகு வரையும். டபிள்யூ கொடுத்தால் கமாண்ட் முடியும் வரை காத்திருக்கும். ஆனால் ஸ்வேலாக் நீங்கள் பாஸ்வேர்டு அடிக்கும் வரை முடியாதே? அதற்குத்தான் ஸ்வேலாக்குக்கு எஃப் விருப்பம்: திரை உண்மையிலேயே பூட்டப்பட்ட பிறகு பின்னணிக்குப் போய்விடும், கமாண்ட் முடிந்ததாகக் கணக்கு. ஸ்வேஐடிலில் டபிள்யூ, ஸ்வேலாக்கில் எஃப். இரண்டும் சேர்ந்தே இருக்க வேண்டும். டபிள்யூ மட்டும் இருந்து எஃப் இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் அந்த 5 விநாடி வீணாகக் கழிந்த பிறகுதான் தூங்கும்.

ஐ3-இல் இதே வேலையை எக்ஸ்எஸ்எஸ்-லாக் செய்கிறது. திரையைக் கவனிக்கும் எக்ஸ் சர்வரின் ஸ்க்ரீன்சேவர் நேரத்தையும் லாகின்டியின் தூக்க அறிவிப்பையும் அது ஒன்றாகக் கேட்டு, ஐ3லாக்கை ஓட்டும். தூக்கத்தைப் பிடித்து வைக்கும் உரிமையைப் பூட்டும் நிரலிடமே கைமாற்றும் விருப்பமும் அதில் இருக்கிறது. ஐ3-இன் இயல்பான அமைப்புக் கோப்பிலேயே அந்த வரி இருப்பதால் அதைத் தொடாமல் விடுவதே நல்லது. அதற்கு முன்னால் எக்ஸ்ஆட்டோலாக் என்று ஒன்று இருந்தது. அது நேரத்தை மட்டும் எண்ணும், தூக்க அறிவிப்பைக் கேட்காது. இன்று புதிதாக அமைப்பவர் அதைத் தேர்ந்தெடுக்கக் காரணம் எனக்குத் தெரியவில்லை.

பூட்டு எவ்வளவு உறுதி

மேலே சொன்னதெல்லாம் நேரம் பற்றியது. பூட்டே உடைந்தால்? இங்கேதான், விண்டோக்களைத் திரையில் காட்டும் பழைய ஏற்பாடான எக்ஸ்11-க்கும் புதிய ஏற்பாடான வேலேண்டுக்கும் இடையே பெரிய வித்தியாசம்.

எக்ஸ்11-இல் பூட்டுத்திரை என்று தனியாக ஒரு கருத்தே கிடையாது. பூட்டும் நிரல் என்பது மற்ற விண்டோக்கள் மாதிரி ஒரு விண்டோதான். எல்லாவற்றுக்கும் மேலே படுத்துக்கொண்டு, விசைப்பலகையையும் மவுஸையும் தனக்கே பிடித்து வைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். அந்த நிரல் செத்தால் விண்டோ போய்விடும், அடியில் உங்கள் மேசை. 2021 ஜனவரியில் லினக்ஸ் மின்ட்டில் இது நேரடியாகவே நடந்தது. பூட்டிய சின்னமன் டெஸ்க்டாப் திரையில் இருக்கும் திரை விசைப்பலகையைக் குழந்தைகள் கண்டபடி தட்டியதில் ஸ்க்ரீன்சேவர் நொறுங்கி டெஸ்க்டாப் திறந்துகொண்டது. திரை விசைப்பலகையை வரைந்த லைப்ரரியில் இருந்த கோளாறு. மின்ட் உடனே திருத்தம் வெளியிட்டது. எக்ஸ்ஸ்கிரீன்சேவரை 1992 முதல் எழுதி வரும் ஜேமி ஜவின்ஸ்கி பல வருடங்களாகச் சொல்லி வந்ததும் இதைத்தான்: பூட்டும் நிரலுக்குள் பெரிய பெரிய லைப்ரரிகளைத் திணித்தால் அது ஒரு நாள் நொறுங்கும், நொறுங்கினால் திறந்துகொள்ளும். அந்த மனிதரின் பேச்சில் காரம் அதிகம், ஆனால் விஷயம் சரி.

எக்ஸ்11-இன் இன்னொரு ஓட்டையை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். ஏதாவது ஒரு நிரலில் ரைட்-கிளிக் மெனுவைத் திறந்து அப்படியே விட்டுவிடுங்கள். மெனு திறந்திருக்கும்வரை விசைப்பலகையும் மவுஸும் அதன் பிடியில் இருக்கும். நேரம் வந்ததும் பூட்டும் நிரல் அவற்றைப் பிடிக்க முயலும், கிடைக்காது, பூட்டாமல் விட்டுவிடும். மெனுவைத் திறந்த கையோடு எழுந்து போனால் அன்று முழுக்கக் கணினி திறந்தே கிடக்கும்.

டிடிஒய்யில் லாகின் செய்து ஸ்டார்ட்எக்ஸ் அடித்து எக்ஸ்11 ஓட்டுபவர்களுக்கு மூன்றாவதாக ஒன்று: எக்ஸ் வேறு டிடிஒய்யில் ஓடும்படி இருந்தால், கன்ட்ரோல், ஆல்ட், எஃப்1 அழுத்தினால் லாகின் ஆன அந்தக் கன்சோல் வரும், கன்ட்ரோல்-சி அடித்தால் எக்ஸ் நின்று ஷெல் கையில் கிடைக்கும். ஸ்டார்ட்எக்ஸுக்கு முன்னால் எக்ஸெக் சேர்த்தால் எக்ஸ் நின்றதும் லாகினும் முடிந்துவிடும்.

வேலேண்டில் பூட்டுவது கம்பாசிட்டரின், அதாவது விண்டோக்களைச் சேர்த்துத் திரையில் காட்டும் நிரலின், பொறுப்பு. க்னோமும் பிளாஸ்மாவும் தங்களுக்குள்ளேயே அதைச் செய்கின்றன. ஸ்வேயும் ஹைப்பர்லேண்டும் இதற்கென்றே வகுக்கப்பட்ட செஷன் லாக் நெறிமுறையைப் பின்பற்றுகின்றன. பூட்டும் நிரல் பாதியில் செத்தாலும் செஷன் பூட்டியே இருக்க வேண்டும் என்பது அந்த நெறிமுறையின் அடிப்படை விதி. ஸ்வேலாக் நொறுங்கினால் ஸ்வே உங்களுக்கு முழுச் சிவப்புத் திரை காட்டும், மேசையைக் காட்டாது. பிளாஸ்மாவில் பூட்டுத்திரை கெட்டுப்போனால், வேறு டிடிஒய்க்குப் போய் லாகின் செய்து லாகின்சிடிஎல் கமாண்ட் மூலம் திறக்கச் சொல்லி ஒரு செய்தி வரும். அதைப் பார்த்துப் பதறியவர்கள் உண்டு. ஆனால் இப்படிப் பதறுவது, எதுவும் தெரியாமல் திறந்து கிடப்பதைவிட நல்லது. மெனு திறந்திருந்தாலும் கம்பாசிட்டருக்குக் கவலை இல்லை, பூட்டிவிடும்.

ஆகவே பூட்டு முக்கியம் என்றால் வேலேண்ட் செஷனைத் தேர்ந்தெடுங்கள். க்னோம் ஆட்களுக்கு இது இனி தேர்வாகவும் இருக்கப்போவதில்லை, உபுண்டு 25.10-இலேயே க்னோமின் எக்ஸ்11 செஷன் கிடையாது. மின்ட்டிலோ எக்ஸ்எஃப்சிஇயிலோ எக்ஸ்11-இல் இருந்தே ஆக வேண்டும் என்றால், எழுந்து போகும்போது சூப்பர்-எல்லோ கன்ட்ரோல்-ஆல்ட்-எல்லோ கையாலேயே அழுத்திப் பூட்டிவிட்டுத் திரையை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போங்கள். தானியங்கிப் பூட்டு மறதிக்கு மட்டும் இருக்கட்டும்.

எந்தத் தூக்கம்

சஸ்பெண்ட் என்றால் நினைவகத்துக்கு மட்டும் மின்சாரம் கொடுத்துவிட்டு மற்றதை அணைப்பது என்றுதான் நாம் பழகியிருக்கிறோம். அந்தப் பழைய எஸ்3 பல புதிய லேப்டாப்புகளில் இல்லை. எஸ்2ஐடில் என்ற அரைத்தூக்கம் மட்டும்தான். கர்னலின் ஸிஸ் கோப்பகத்தில் பவர் என்பதன் கீழ் மெம்_ஸ்லீப் என்ற கோப்பைப் படித்தால் எது கிடைக்கிறது, எது இப்போது தேர்வாகியிருக்கிறது என்று தெரியும். அடைப்புக்குறிக்குள் இருப்பது நடப்பில் உள்ளது. டீப் என்ற சொல் அங்கே இருந்தால் எஸ்3 உண்டு. இல்லை என்றால், ராத்திரி மூடி வைத்த லேப்டாப் காலையில் கணிசமாகப் பேட்டரி இறங்கியிருப்பதைப் பார்த்து உங்கள் அமைப்பைக் குறை சொல்லாதீர்கள்.

ஹைபர்னேட் நினைவகத்தில் இருப்பதை டிஸ்கில் எழுதிவிட்டு முழுக்க அணைந்துவிடும். பேட்டரி செலவே இல்லை. ஆனால் தடைகள் அதிகம். அப்படி எழுத டிஸ்கில் போதுமான ஸ்வாப் இடம் வேண்டும். ஃபெடோரா 33 முதல் ஸ்வாப்பை இயல்பாக இசட்ரேமில், அதாவது நினைவகத்துக்குள்ளேயே வைத்துவிடுகிறது, அதில் ஹைபர்னேட் செய்ய முடியாது. கையொப்பமிட்ட மென்பொருளை மட்டும் தொடங்க விடும் செக்யூர் பூட் இயங்கினால் ஃபெடோரா, உபுண்டு கர்னல்கள் ஹைபர்னேட்டையே தடுத்துவிடும். இதற்காக செக்யூர் பூட்டை அணைப்பதா என்பது தனி விவாதம். நான் அணைக்க மாட்டேன்.

இரண்டும் சரிப்படும் கணினியில் சஸ்பெண்ட்-தென்-ஹைபர்னேட் என்பதுதான் லேப்டாப்புக்கு மிகச் சிறந்தது. முதலில் சஸ்பெண்ட், கொஞ்ச நேரம் கழித்துத் தானே விழித்து ஹைபர்னேட் செய்துகொள்ளும். எவ்வளவு நேரம் என்பதை சிஸ்டம்டியின் ஸ்லீப் அமைப்புக் கோப்பில் எழுதலாம். எழுதாவிட்டால், 252 பதிப்பிலிருந்து அது பேட்டரி இறங்கும் வேகத்தைப் பார்த்துத் தானே தீர்மானிக்கிறது.

டிஸ்கை லக்ஸ் கொண்டு என்கிரிப்ட் செய்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சஸ்பெண்டில் டிஸ்கின் சாவி நினைவகத்திலேயே இருக்கிறது. நினைவகச் சில்லுகள் மின்சாரம் போன பிறகும் சில விநாடிகள், குளிரூட்டினால் நிமிடக்கணக்கில், தகவலை வைத்திருக்கும் என்று 2008-இல் பிரின்ஸ்டன் ஆய்வாளர்கள் செய்து காட்டினார்கள். பக்கத்து மேசைக்காரர் அவ்வளவு தூரம் போகமாட்டார். ஆனால் லேப்டாப் திருட்டுப் போய்விடுமோ என்பதற்காகவே என்கிரிப்ட் செய்தவர், பயணத்தின்போது சஸ்பெண்டில் வைத்து எடுத்துப்போவதைவிட அணைத்துவிடுவதே மேல்.

யுபிஎஸ் இல்லாத டெஸ்க்டாப்புக்கு ஹைப்ரிட் ஸ்லீப். டிஸ்கிலும் எழுதிவிட்டு சஸ்பெண்டும் ஆகும். கரண்ட் இருந்தால் சட்டென்று எழும், போய்விட்டிருந்தால் டிஸ்கிலிருந்து மீளும். மின்வெட்டு அடிக்கடி வரும் ஊரில் வெறும் சஸ்பெண்டை நம்பி, சேமிக்காத கோப்போடு தூங்க விடுவது வம்பு. ஸ்வாப், செக்யூர் பூட் நிபந்தனைகள் இதற்கும் உண்டு.

என்விடியா கார்டு இருந்தால் தூங்கி எழுவதே ஒரு தனிப் பஞ்சாயத்து. தனியுரிம டிரைவரில் வீடியோ நினைவகத்தைப் பாதுகாக்கும் மாட்யூல் விருப்பமும் என்விடியா-சஸ்பெண்ட் சர்வீஸும் இயங்குகின்றனவா என்று முதலில் பாருங்கள். கையால் சஸ்பெண்ட் செய்து ஒழுங்காக எழாத கணினியைத் தானாகத் தூங்க வைப்பதில் பொருளில்லை. பூட்டையும் திரை அணைப்பையும் மட்டும் வைத்துக்கொண்டு நிறுத்திக்கொள்ளலாம்.

யாருக்கு எது

அலுவலக டெஸ்க்டாப், க்னோம் அல்லது பிளாஸ்மா: 5 நிமிடத்தில் திரை கறுக்கட்டும், கறுத்தவுடன் பூட்டட்டும், பிளக்கில் சஸ்பெண்ட் வேண்டாம், ஜிடிஎம்முக்கும் வேண்டாம். வீட்டு டெஸ்க்டாப்: 10 நிமிடத்தில் பூட்டு, ஒரு மணி நேரத்தில் சஸ்பெண்ட் அல்லது ஹைப்ரிட், பேக்கப் ஸ்கிரிப்டில் இன்ஹிபிட். லேப்டாப்: 5 நிமிடத்தில் பூட்டு, பேட்டரியில் 15 நிமிடத்தில் தூக்கம், முடிந்தால் ஹைபர்னேட்டோடு சேர்த்து, மூடியை மூடினால் உடனே. ஸ்வே என்றால் இதே எண்களை ஸ்வேஐடிலில் எழுதிக்கொண்டு, லாகின்டியின் ஐடில்ஆக்‌ஷனை அதன் இயல்பிலேயே விடுங்கள்.

அமைத்த பிறகு கொஞ்ச நேரம் ஒதுக்கிச் சோதியுங்கள். நேரத்தை 1 நிமிடமாகக் குறைத்து, கையை எடுத்துவிட்டு உட்காருங்கள்: கறுக்கிறதா, கறுத்தபின் பாஸ்வேர்டு கேட்கிறதா? மூடியை மூடித் திறந்து, அந்த முதல் கணத்தில் என்ன தெரிகிறது என்று பாருங்கள். ஒரு மெனுவைத் திறந்து வைத்துப் பாருங்கள். ஒரு வீடியோ ஓட விட்டுப் பாருங்கள். லாகின் செய்யாமல் ரீஸ்டார்ட் மட்டும் செய்து அரை மணி நேரம் கழித்து இன்னொரு கணினியிலிருந்து பிங் அடித்துப் பாருங்கள். பதில் வரவில்லை என்றால் ஜிடிஎம் தூங்கப் போயிருக்கிறது.